பேர் சொல்லாத கலினா

மொன்றியலில் ஹென்றி பூராசா மெற்றோவுக்குப் பக்கத்திலிருக்கும் தமிழ்க்கடையில் போய் மகேந்திரராசாவைத் தெரியுமா என்று கேட்டால் முதலாளி தலையைச் சொறிவார். "இஞ்சாருங்கோ அண்ணை" என்று கேட்டுப் பாருங்கள். "அவரோ, இப்பதான் வெங்காயம் வாங்கிக்கொண்டு போறார்" என்று கைகாட்டி விடுவார். பட்டம் சூட்டுவதில் எங்கள் சனத்தை மிஞ்ச ஆளில்லை. ஆனால் இது சனம் யோசித்து வைத்த பட்டம் அல்ல. அவருடைய மனைவி கலினாவின் வாயிலிருந்து வந்தது.

கலினா ரஷ்யக்காரி. நல்ல உயரம், அதற்கேற்ற குரல். முருங்கைக்காய்ப் பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு, கடையின் மறு தொங்கலில் அரிசி பார்க்கும் புருசனை, "இஞ்சாருங்கோ! இது முத்தல்!" என்று கூப்பிடுவாள். அது எங்கள் பெண்கள் புருசனைக் கூப்பிடும் சொல்லாச்சே, கடைக்குள் நிற்கும் புருசன்மார் அத்தனை பேரும் திடுக்கிட்டுத் திரும்புவார்கள். தங்கள் வீட்டுக்காரி எப்போது வெள்ளைக்காரியானாள் என்ற கலக்கம் ஒரு கணம் அந்த முகங்களில் ஓடும். அதைப் பார்த்துக் கலினா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். வேண்டுமென்றேதான் அப்படிக் கூப்பிடுகிறாள் என்று மகேந்திரராசாவுக்கு எப்போதும் ஒரு சந்தேகம்.

அவர் மானிப்பாய்க்காரர். சோவியத் புலமைப்பரிசில் கிடைத்து, பொறியியல் படிக்க வரோனெஷ் என்ற நகரத்துக்குப் போனவர். கலினா அங்கே ஆய்வுகூட உதவியாளராக இருந்தாள். பனிக்கு ஏற்ற சப்பாத்து இல்லாமல் வந்து நின்ற கறுத்த மெலிந்த பெடியனைப் பார்த்து, முதலில் இரக்கப்பட்டாள். அந்த இரக்கம் எங்கே போய் முடிந்தது என்பதைச் சொல்லத் தேவையில்லை. படிப்பு முடிந்து அவர் ஊர் திரும்பியபோது கூடவே அவளும் வந்து இறங்கினாள். வெள்ளைக்காரி என்பதைக்கூட ஊர் பொறுத்துக்கொண்டது. மாப்பிள்ளையைவிட நாலைந்து வயது மூத்தவள் என்பதை வைத்து ஒரு வருடம் வாய் மென்றது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை யார் மூடுவது?

மகேந்திரராசாவின் தாய் மட்டும் அவளை முதல் நாளே பிள்ளையாக எடுத்துக்கொண்டார். ரஷ்யர்கள் கலினாவைச் செல்லமாகக் 'காலியா' என்பார்கள். மகன் அப்படிக் கூப்பிடுவதைக் கேட்ட தாய், "வாழ வந்த பிள்ளையைக் காலி எண்டு கூப்பிடுறதோடா?" என்று ஏசி, அவளைக் 'கலா' ஆக்கிவிட்டார். கூடவே ஒரு புத்தியும் சொன்னார்.

"பிள்ளை, புருசன்ரை பேரை வாயாலை சொல்லக்கூடாது. சொன்னால் அவனுக்கு ஆயுசு குறையும்."

மகேந்திரராசா வெட்கத்தோடுதான் அதை மொழிபெயர்த்தார். கலினா கடவுள் நம்பிக்கை இல்லாமல் வளர்ந்தவள். விரதத்துக்கும் சிரிப்பாள், நாவூறு கழிப்பதற்கும் சிரிப்பாள். இதற்குச் சிரிக்கவில்லை. ரஷ்யாவில் உலக யுத்தம் தொடங்கிய கோடையில் பிறந்தவள் அவள். போர்முனைக்குப் போன தகப்பனை ஒருநாளும் கண்டதில்லை. அவள் வளர்ந்த வீட்டில், பக்கத்து அறைகளில், வகுப்பில், எங்கும் பெண்களும் பிள்ளைகளும்தான். ஆண்களின் ஆயுசு எவ்வளவு மலிவான சாமான் என்பது அவளுக்குத் தெரியும். "அப்ப நான் உன்னை எப்படிக் கூப்பிடுவது?" என்று கேட்டாள். "இஞ்சாருங்கோ எண்டு கூப்பிடும்" என்று அவர் பகிடியாகச் சொன்னார். அன்றைக்குப் பிடித்த பிடியை அவள் விடவேயில்லை.

எண்பத்துமூன்றின் கலவரத்துக்குப் பிறகு மகள் வித்தியாவையும் கூட்டிக்கொண்டு மொன்றியலுக்கு வந்தார்கள். அவருடைய ரஷ்யப் பட்டத்தை இங்கே ஒருவரும் மதிக்கவில்லை. சென்-லோறனில் ஒரு இயந்திர உதிரிப்பாகத் தொழிற்சாலையில் ஓய்வு பெறும்வரை நின்று வேலை செய்தார். கலினா ஒரு கார்டெரியில், குழந்தைகள் காப்பகத்தில், பிள்ளை பார்த்தாள். அஹுன்ட்சிக்கில் மேல்மாடி வீடொன்று வாங்கினார்கள். இத்தனைக்குள்ளும் அவள் புருசனின் பேரை வாயால் சொன்னதில்லை. விண்ணப்பங்களில் எழுதுவாள். வைத்தியரிடம் சொல்ல வேண்டி வந்தால் வித்தியாவைப் பார்ப்பாள், வித்தியா சொல்லுவாள். சுற்றியிருந்த தமிழ்ப் பெண்கள் எல்லாரும் புருசனைப் பேர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கி எவ்வளவோ காலம். ஒரு ரஷ்யக்காரி மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

சில வருடங்களுக்கு முன், ஒரு இலையுதிர் காலத்தில், தெருமுனை டெபனர் கடைக்குப் பாண் வாங்கப் போனவள் திரும்பி வரவில்லை. பின்னேரம் ஒரு இளம் பொலிஸ்காரன் அவளைக் கூட்டிவந்தான். கூவான் வீதிக்கு அங்கால் ஆற்றங்கரையில் நின்றாளாம். கதவைத் திறந்தவரைப் பார்த்து மரியாதையாக, "மிஸ்யூ இஞ்சாருங்கோ?" என்று கேட்டான். புருசனின் பேர் என்னவென்று விசாரித்தபோது அவள் அதைத்தான் சொல்லியிருக்கிறாள்.

மகேந்திரராசாவுக்குச் சிரிப்பு வந்தது. அது பாதியில் நின்றுவிட்டது. ஆயுசு குறையும் என்றா பேரைச் சொல்லாமல் விட்டாள்? இல்லை, பேரே ஞாபகத்தில் இல்லாமல் போய்விட்டதா? அதை அவரால் இன்றுவரை அறிய முடியவில்லை. மறதிநோய் மற்ற வீடுகளில் பேர்களை ஒவ்வொன்றாகப் பறிக்கும், பறிபோவது கண்ணுக்குத் தெரியும். இந்த வீட்டில் அந்தப் பேர் அவள் வாயில் ஒருநாளும் இருந்ததேயில்லை.

அன்றைக்கு அவருக்குள் ஒரு ஆசை குடிவந்தது. தான் யாரென்று தெரிந்து, ஒரே ஒருமுறை அவள் தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். எழுபது தாண்டிய கிழவனுக்கு வருகிற ஆசையா இது என்று தன்னையே ஏசிக்கொண்டார்.

நோய் மேலிருந்து கீழாகத் தோண்டியது. கடைசியாகப் படித்த பிரெஞ்சு முதலில் போனது. பிறகு ஆங்கிலம். பிறகு தமிழ் கொஞ்சங் கொஞ்சமாக. ஒரு காலை குசினி வாசலில் நின்று அவரைப் பார்த்து வாயைத் திறந்தாள். கூப்பிட ஒரு சொல் வேண்டியிருந்தது, கிடைக்கவில்லை. திறந்த வாயை மூடிக்கொண்டு போய்விட்டாள். ரஷ்ய மொழி மாத்திரம் மிஞ்சியது. அந்த மொழியில் அவளுக்கு ஒரே ஒரு தேவை இருந்தது: வீட்டுக்குப் போக வேண்டும். குளிர்கோட்டைப் போட்டுக்கொண்டு வாசற்கதவடியில் நிற்பாள். "இதுதான் எங்கடை வீடு" என்று அவர் எந்த மொழியில் சொன்னாலும் அழுவாள். கை சிவக்கச் சிவக்கக் கதவில் அடிப்பாள்.

ஸ்னோடன் பக்கம் லெவ் என்ற ஒடேசாக்காரர் ஒரு கடை வைத்திருக்கிறார். மேலே கறுப்புப் பாணும் ஊறுகாயும். நிலவறையில் சேகரிப்பாளர்களுக்கென்று பழைய சோவியத் சாமான்கள். ஒருநாள் பாண் வாங்கப் போனபோது கலினா படியிறங்கிக் கீழே போய்விட்டாள். மகேந்திரராசா தேடிப் போனார். செம்மஞ்சள் பட்டுத் துணியில் குஞ்சம் தொங்கும் ஒரு விளக்குக்கூட்டுக்குக் கீழே அவள் அண்ணாந்து நின்றாள். "எங்கடை" என்றாள் ரஷ்ய மொழியில்.

"யுத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு வீட்டிலும் இது ஒன்று தொங்கியது," என்றார் லெவ். "ஒரு அறை, ஒரு பல்ப், ஒரு குடும்பம். வருகிற சேகரிப்பாளர் எல்லாருக்கும் பதக்கம்தான் வேண்டும். இதை யார் கேட்கிறான்?"

மகேந்திரராசா கேட்டார். சின்ன அறையில் அதைக் கொழுவினார். அன்று பின்னேரம் கலினா கோட்டைக் கழற்றிவிட்டு அந்த வெளிச்சத்துக்குக் கீழே கதிரையைப் போட்டு இருந்தாள். கதவில் அடிக்கவில்லை.

அதற்குப் பிறகு அவருக்குப் பைத்தியம் பிடித்தது என்றுதான் சொல்ல வேண்டும். கறுப்புக் கடதாசியில் செய்த, தட்டுப் போன்ற சுவர் வானொலி வந்தது. பேசாத வானொலிதான், ஆனாலும் அவள் அதன் முன்னால் காதைக் கொடுத்துக்கொண்டு நிற்பாள். சுடுகிளாசைச் செருகிப் பிடிக்கும் கைபிடி வைத்த உலோகக் கூடு வந்தது. சீனிக்கட்டி உடைக்கும் குறடு வந்தது. நூலால் பின்னிய கடைப்பை ஒன்று வந்தது. அதற்கு ரஷ்யர்கள் வைத்த பேரின் கருத்து 'ஒருவேளை'. ஒருவேளை வழியில் ஏதாவது கடையில் ஏதாவது விற்கலாம் என்று எல்லாரும் சட்டைப்பைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு திரிந்த பை. சேகரிப்பாளர்கள் இணையத்தில் கீறல் இல்லாத சாமான் தேடுவார்கள். இந்த மனுசன் நசுங்கியது இருக்கிறதா, கரி பிடித்தது இருக்கிறதா, மண்ணெண்ணெய் மணக்குமா என்று கேட்டு எழுதினார். அவர்கள் அவரை ஒரு பெரிய நிபுணர் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அறை நிறைந்தது, கலினா அமைதியானாள். வீட்டுக்குப் போக வேண்டும் என்ற பேச்சே நின்றது. அவர் நெடுநாளைக்குப் பிறகு நிம்மதியாகப் படுத்தார். அடுத்ததாக ஞாபகம் வரும், ஞாபகம் வந்தால் நானும் வருவேன் என்று கணக்குப் போட்டார்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. ஒருநாள் அவர் தேநீரோடு உள்ளே போக, கலினா எழுந்து நின்று, "நன்றி மாமா. நீங்கள் எந்த அறை?" என்று கேட்டாள். அவள் பிறந்து வளர்ந்தது பல குடும்பங்கள் பங்குபோட்ட ஒரு வீடு. குடும்பத்துக்கு ஒரு அறை, எல்லாருக்கும் ஒரே குசினி. யோசித்துப் பார்த்து அவள் இவரைப் பக்கத்து அறைக்காரராக்கி விட்டாள். நல்ல மனுசன், தேத்தண்ணி தருகிறான், எங்கேயோ தூரத்து ஆள்.

"பக்கத்து அறைதான்," என்றார் மகேந்திரராசா. வேறு என்ன சொல்வது?

அடுத்ததாக லெவ் ஒரு பென்சிலைக் கொடுத்துவிட்டார். நாக்கில் நனைத்து எழுதினால் ஊதா மையாக மாறி, லேசில் அழியாத பென்சில். கலினா அதைக் கண்டதும் வாங்கி நாக்கில் தொட்டு நனைத்தாள். அவரிடமே திருப்பிக் கொடுத்து, உள்ளங்கையை விரித்து நீட்டினாள். அவருக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. எப்போதோ சொல்லியிருக்கிறாள். யுத்தம் முடிந்த பிறகு வந்த பஞ்சத்தில் பாண் வரிசை தெரு வளைந்து போகும். இடம் பறிபோகாமலிருக்கக் கையில் இலக்கம் எழுதி விடுவார்களாம். அவர் அந்தச் சுருங்கிய கையைப் பிடித்து ஒரு இலக்கம் எழுதினார். அவள் கையைப் பொத்திக்கொண்டாள். மூன்று நாள் கழுவ விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கர்க்லாண்டிலிருந்து வித்தியா வந்தாள். வழக்கமாகத் தாய் அவளை யாரோ தாதி என்று நினைத்து ஒதுங்கிப் போவாள். அன்றைக்கு நிமிர்ந்து பார்த்து, "வித்யா!" என்று கத்தினாள். ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

"அப்பா! அம்மாவுக்கு என்னைத் தெரியுது! அப்பா!" வித்தியா அழுதாள். ஐம்பதை எட்டிப் பிடிக்கும் மகள் ஐந்து வயதுப் பிள்ளையாகத் தாயின் தோளில் கிடந்து அழுதாள்.

மகேந்திரராசாவுக்கு உயிர் போனது போலிருந்தது. வித்யா என்பது ரஷ்யாவில் பையன்களின் செல்லப்பேர். கலினாவின் அண்ணன் ஒருவன் இருந்தான், விக்தர், வீட்டில் வித்யா. பாண் வரிசையில் அவளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவன். அந்தப் பஞ்ச மாரியில் செத்துப்போனவன். மகள் பிறந்தபோது கலினா அந்தப் பேரைத்தான் கேட்டாள். மானிப்பாயில் அதைச் சரஸ்வதி பேர் என்று கொண்டாடினார்கள். இரண்டு பக்கமும் சந்தோசமாக இருக்கட்டும் என்று ஒருவரும் அதற்கு மேல் பேசவில்லை.

கலினா மேசையிலிருந்த பாணைப் பிய்த்தாள். பெரிய துண்டை வித்தியாவின் கையில் வைத்து ஏதோ கிசுகிசுத்தாள்.

"என்னவாம் அப்பா?"

"சாப்பிடட்டாம்." அம்மாவுக்குச் சொல்லாதே என்று அவள் சேர்த்துச் சொன்னதை அவர் விழுங்கிக்கொண்டார்.

பொய் மூன்று ஞாயிறு தாங்கியது. நாலாவது ஞாயிறு கலினா மகளின் கட்டைத் தலைமயிரைத் தடவி, பாவாடையைப் பார்த்து முகம் வாடி, ஒரு கேள்வி கேட்டாள். வித்யா, உனக்கு ஏன் பெட்டைச் சட்டை போட்டுவிட்டார்கள் என்று. வித்தியாவுக்கு அவ்வளவு ரஷ்யன் விளங்கும். தகப்பனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் முகத்தைக் கீழே போட்டார்.

குசினிக்குள் வந்ததும் வெடித்தாள். "உங்களுக்கு முதல் நாளே தெரியும், என்ன?"

"நீர் சந்தோசப்பட்டீர் பிள்ளை..."

"அப்பா, நீங்கள் அம்மாவை எங்களிட்டைக் கூட்டிக்கொண்டு வரேல்லை. அவவைக் கொண்டுபோய் நாங்கள் ஒருத்தரும் இல்லாத காலத்திலை விட்டிட்டியள். அங்கை நான் இன்னும் பிறக்கேல்லை. நீங்களும் இல்லை. அந்த லைற்றைக் கழட்டுங்கோ. Ça suffit, போதும்."

அவள் சொன்னதில் பிழை இல்லை. இரண்டு பேருமாக எல்லாவற்றையும் கழற்றிப் பெட்டியில் போட்டுக் கீழே இறக்கினார்கள். கலினா பார்த்துக்கொண்டே நின்றாள். எல்லாம் முடிந்ததும் போய்க் கோட்டைப் போட்டுக்கொண்டாள்.

அந்தக் கிழமையை எப்படி எழுதுவது? பழையபடி கதவடி, பழையபடி அழுகை. சாப்பாடில்லை. அவர் கையைப் பிடித்தால் உதறினாள். வியாழக்கிழமை மத்தியானம் கதவில் அடித்து அடித்துக் களைத்து, அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள். மகேந்திரராசா முழங்காலைப் பிடித்துக்கொண்டு கஷ்டப்பட்டுப் பக்கத்தில் இருந்தார். அவள் அவருடைய முகத்தைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். கண்ணீரும் மூக்குச்சளியுமாக, அத்தனை மண்ணுக்கும் கீழேயிருந்து ஒரு சொல் எழும்பி வந்தது.

"இஞ்சாருங்கோ," என்றாள். "என்னை வீட்டை கூட்டிக்கொண்டு போங்கோ."

தமிழ். அவளுடைய அந்த ரஷ்ய இழுப்போடு வந்த தமிழ். அவரைத் தெரிந்துவிட்டது. இந்தக் கண்கள் அவருடைய கலினாவின் கண்கள். அவர் கேட்டுத் தவம் கிடந்த வரம் கிடைத்துவிட்டது, ஆனால் அவள் அந்தக் கண்களோடு துடித்துக்கொண்டிருந்தாள். சந்தோசப்படவும் முடியாமல், அழவும் முடியாமல், அவளுடைய தலையைத் தன் நெஞ்சில் சாய்த்துக்கொண்டு அந்த மனுசன் நிலத்திலேயே இருந்தார். விளக்கைத் திரும்பக் கொழுவாமல் இந்த நிலையில் வைத்திருந்தால் இவள் என்னுடையவள். வேறு யாருமில்லை, நான்தான் இவளுக்கு. ஒரு கிழமையில் ஒரு முறையாவது கூப்பிடுவாள். நாளைக்குப் பேர்கூடச் சொல்லலாம்.

அவளைக் குனிந்து பார்த்தார். கைகள் இரண்டும் கன்றிப்போயிருந்தன.

"கூட்டிக்கொண்டு போறன், கலா," என்றார். "கொஞ்சம் பொறும்."

கீழே போய்ப் பெட்டிகளைத் தனியாகவே ஏற்றினார். இந்த வயதில் ஏணியில் ஏறக்கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார், ஏறினார். பட்டுக் கூட்டைக் கொழுவி விளக்கைப் போட்டார். கலினா உள்ளே வந்தாள், சுற்றிப் பார்த்தாள், கோட்டைக் கழற்றினாள். "நன்றி மாமா," என்றாள் ரஷ்ய மொழியில். வித்தியாவுக்குத் தொலைபேசியில் சொன்னார். "சரி அப்பா," என்றாள். இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறாள். பாவாடை போடாமல், காற்சட்டை போட்டுக்கொண்டு வந்து, கொடுக்கிற பாணை வாங்கிச் சாப்பிடுகிறாள்.

மாரி வந்துவிட்டது. நாலு மணிக்கே இருட்டுகிறது. நேற்றும் மகேந்திரராசா தேநீரைக் கொண்டுபோய் வைத்துவிட்டு எதிரே கதிரையில் இருந்தார். கலினா சீனிக்கட்டியைக் கடித்துக் கடித்துக் குடித்தாள். குடித்து முடித்து, நல்ல பிள்ளையாகக் கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள்.

"மாமா, உங்கள் பேர் என்ன? பக்கத்து அறைக்காரரைப் பேர் தெரியாமல் கூப்பிடுவது மரியாதை இல்லை என்று அம்மா சொன்னா."

எத்தனையோ வருடம் ஒன்றாகப் படுத்து எழும்பிய பெண்ணுக்கு முன்னால் ஒரு மனுசன் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள நேர்ந்தால் அவனுக்கு எப்படி இருக்கும்? குரலைச் சரிசெய்துகொண்டு சொன்னார்.

"மகேந்திரராசா."

"மகேந்திரராசா," என்றாள் கலினா. ஒரு எழுத்துப் பிசகவில்லை. ரஷ்யர்கள் யாரும் அந்தப் பேரை ஒழுங்காகச் சொன்னதில்லை. அவள் அதை உள்ளே வைத்து எத்தனை காலம் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அவளுடைய கண்களைப் பார்த்தார். அங்கே மரியாதை இருந்தது. கொஞ்சம் கவலையும் இருந்தது.

"மகேந்திரராசா மாமா, நல்லாய் இருட்டிவிட்டது," என்றாள் அவள். "நீங்கள் வீட்டுக்குப் போங்கள். உங்கள் மனைவி உங்களைத் தேடப்போகிறா."

"ஓம்," என்றார். "தேடுவா."

எழுந்து வெற்றுக் கிளாசை எடுத்துக்கொண்டார். கதவை மெல்லச் சாத்திவிட்டு வெளியே வந்து நடையில் நின்றார். போவதற்கு அவருக்கு வேறு வீடு இல்லை.